பைஸ் கிடையாது

நேற்று ராத்திரி, ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப்பில் நான் எடுத்திருந்த கீப்பர் லெக் சைடில் போன பந்தைப் பாய்ந்து மறித்தார். ஐந்து வைடாகப் போக வேண்டியது ஒன்றோடு நின்றது. மொபைலைப் பார்த்தேன், ஒரு பாயின்ட் ஏறவில்லை. அக்கா மகன் எடுத்த கீப்பரோ கிளவுஸையே தொடவில்லை. இம்பாக்ட் பிளேயராக இறங்கி நாலு சாத்து சாத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் டக்கவுட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆப்பைக் கேட்டால் அவரும் விக்கெட் கீப்பராம்! “கீப்பிங்கைப் பாத்தா மாமா கீப்பர் எடுப்பாங்க?” என்கிறான் பயல்.

2025 ஆகஸ்டில் சட்டம் வந்து காசுப் போட்டி ஒழிந்த பிறகு எங்களுக்குள் டீதான் பந்தயம். காசு போனால் தலைவிதி என்று விட்டுவிடலாம். டீ என்றால் எதிரே நின்று அவன் உறிஞ்சுவதைப் பார்த்துத் தொலைக்க வேண்டும்.

மட்டைக்கு எவ்வளவு, கிளவுஸுக்கு எவ்வளவு என்று என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்று. ஆப்பில் ரன்னுக்கு 1 பாயின்ட், கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12. கோட்டைவிட்ட கேட்சுக்கு? கழிவு இல்லை. விட்ட பைஸுக்கு? அதுவும் இல்லை.

இந்த விதியை எழுதியவன் எங்கள் கீரப்பாளையம் பக்கம் டென்னிஸ் பால் ஆடியவனாகத்தான் இருக்க வேண்டும். நெல் அறுத்த வயலில் ஸ்டம்பு நடும்போதே எங்கள் முதல் சட்டம் ‘பைஸ் கிடையாது’. பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் கருவ முள். பைஸ் உண்டு என்றால் ஒரு பந்துக்கு நாற்பது ரன் ஓடலாம். பேட்டிங் வராது, பவுலிங் வராது, ஆனால் பந்து வாங்கக் காசு போட்டவன் என்றால் அவன்தான் கீப்பர். பிடிப்பது அவன் வேலை இல்லை, பொறுக்கிவருவது. வெள்ளரிக் கொல்லைக்குள் பந்து போனால் கிழவியிடம் ஏச்சு வாங்குவதும் அவனே. முழங்கால் சேற்றோடு திரும்பி வந்தால், “ஏன்டா இவ்வளவு நேரம்?” என்பான் பவுலர். அந்தப் பவுலர் போட்டது ஸ்டம்புக்கு மூன்று அடி வெளியே. இருட்டும்வரை முள்ளில் கிடந்தவனுக்குப் பேட்டிங் முறை வரும்போது, “வெளிச்சம் இல்லப்பா” என்று ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள்.

பெரிய ஆட்டம் மட்டும் வேறா? 2004-இல் லார்ட்ஸில், தன் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே, நம்ம தினேஷ் கார்த்திக் மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அடுத்த ஏப்ரலில் தோனி விசாகப்பட்டினத்தில் 148 அடித்தார். கதை முடிந்தது. (தோனியின் கைவேகம் பிறகு தெரிந்தது; அவரை உள்ளே கூப்பிட்டது அது இல்லை.)

அக்கா மகன் 2003 உலகக் கோப்பையைக் காட்டுவான்: பார்த்திவ் படேலைக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் வைத்துவிட்டு, இன்னொரு பேட்ஸ்மேனுக்கு இடம் வேண்டுமென்று திராவிட் கையில் கிளவுஸை மாட்டினார்கள், ஃபைனல்வரை போகவில்லையா? போனார்கள். ஆனால் சங்கக்காராவைப் பார். கிளவுஸோடு 48 டெஸ்ட், சராசரி 40. கிளவுஸ் இல்லாமல் 86 டெஸ்ட், சராசரி 66-க்கு மேல். நாளெல்லாம் குந்தி எழுந்தவன் இடுப்புக்கு எந்த ஆப்பில் பாயின்ட் போடுகிறார்கள்?

சரி, கணக்குக்கு வருவோம். மட்டைக்கு நூற்றுக்கு அறுபது... சேப்பாக்கம் என்றால் ஐம்பது, சுழலுக்கு ஸ்டம்பிங் விழும். அப்படி நம்பி எடுக்கிற அன்றைக்குத்தான் பந்து நூல் பிடித்த மாதிரி நேரே போகும். இதோ, டாஸ் போட்டுவிட்டார்கள். பயல் யாரைக் கேப்டனாக்குகிறான் என்று தெரியவில்லை; மொபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறான், திருட்டு ராஸ்கல்.