லேபிள் ஆன்ட்டியின் மாம்பழக் கேக்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் பழுதான லிஃப்ட், சங்கச் செயலாளர், அவருக்கொரு எதிர்க்கட்சி எல்லாம் கட்டாயம் இருக்கும். அண்மைக் காலமாக அந்த வரிசையில் லேபிள் ஆன்ட்டியும் சேர்ந்துவிட்டார். மே மாதம் பள்ளி மூடியதும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து கேக் செய்பவர் இவர்தான். கோதுமை கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது, முந்திரி, பாதாம் வாசனைகூடக் கிடையாது.

"அப்புறம் அதுல என்னதாம்மா இருக்கும்?" என்று மாமியாரே கேட்டுவிட்டார்.

சூப்பர் மார்க்கெட்டில் ஆன்ட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஊரே பாக்கெட்டின் முன்பக்கத்தில் விலை பார்க்கும்போது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பவர். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வாமைக்காக லேபிளில் குறிப்பிட வேண்டியவை எவை என்றால், குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மற்றக் கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் சல்ஃபைட் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். "பச்சைப் புள்ளி இருக்கே மேடம்" என்று வாய்விட்ட கடைப்பையன், பச்சைப் புள்ளிக்குள் பால் தாராளமாக இருக்கலாம் என்ற பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர முடிந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பதுண்டு என்று தெரிந்த அன்று டப்பாவைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பதிலுக்கு ஒரே ஒரு கும்பிடு வந்தது.

கேக் நாளன்று முதல் வேலை கை கழுவுவது. சானிடைசரை நீட்டினால் ஏற்கமாட்டார். அது கிருமிக்குச் சரி, கையில் ஒட்டிய கடலைப் புரதம் அதற்கு அசையாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கடலைமிட்டாய் தின்றுவிட்டு வந்த பையனை வாசலிலேயே மோப்பம் பிடித்து, வாய் கொப்பளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவார்.

அதன்பிறகு அடுக்களை பிள்ளைகள் வசம். ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடிக்கு மூன்று ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அதுதான் ஒரு முட்டைக்கு மாற்று. "சளி மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்று உண்மையைச் சொன்ன பொண்ணுக்கே அதைக் கலக்கும் பொறுப்பு. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், மைதாவுக்குப் பதில் அரிசிமாவு. அரிசிமாவில் குளூட்டன் இல்லாததால் கேக் உதிரப் பார்க்கும். ஆளிவிதையும் பங்கனபள்ளிச் சாறும்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு விழுந்து நுரைக்கும்போது கைதட்டல் அடுத்த பிளாக் வரை கேட்கும்.

"கொட்டை கூடாதுன்னீங்க, மாம்பழத்துல இருக்கே?" என்று ஒரு வாண்டு மடக்கும். அந்தக் கொட்டையை யார் சப்புவது என்பதில்தான் அடுத்த பத்து நிமிடம் போகும்.

நடுவே மாமியார் எட்டிப்பார்ப்பார். "மைதா ஆகாதுன்னா ரவை போடேன்."

"ரவையும் கோதுமைதான் அத்தை."

"ஒரு சொட்டு நெய்யாவது..."

"நெய்யிலயும் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும் அத்தை."

மாமியார் சீரியல் பார்க்கப் போய்விடுவார். அங்கே அவர் சொல்வதை யாரும் மறுப்பதில்லை.

கேக் எப்படி வரும்? உள்ளதைச் சொன்னால், நடுவில் வெடித்து, ஓரத்தில் உதிர்ந்து, பேக்கரிக் கண்ணாடிக்குள் வைக்க லாயக்கில்லாமல்தான் வரும். ஆனால் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அம்மா கொடுத்த டப்பாவோடு ஓரமாக உட்காரும் முட்டை ஒவ்வாமைப் பையன், இங்கே மற்றவர்களோடு முட்டிமோதி மூன்றாவது துண்டு வாங்குகிறான். இந்தக் குடியிருப்பில் இதைச் சாதித்தவர் வேறு யாருமில்லை.

உங்கள் பிள்ளைக்கும் அழைப்பு வந்தால் தாராளமாக அனுப்புங்கள். எது ஒத்துக்கொள்ளாது, டாக்டர் தந்த மருந்து என்ன என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று பால்கோவா மட்டும் கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.