டிசம்பர் மாத ஞானிகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் தமிழ்நாட்டில் ஞானம் பெறுவோர் எண்ணிக்கை திடீரென்று கூடிவிடுகிறது. பதினோரு மாதமாகக் காலை வணக்கமும் கருவேப்பிலையின் மகிமையும் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்கூட, ‘இந்த ஆண்டு எனக்குக் கற்றுத்தந்த பாடங்கள்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இறங்கிவிடுகிறார்கள். பின்னால் சூரிய அஸ்தமனம், முன்னால் வெள்ளை எழுத்து: யாரையும் அளவுக்கு மீறி நம்பாதே, சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லாம் சொந்தம் இல்லை, நல்லவனாக இருந்தால் ஏமாளி என்பார்கள். இந்த இலக்கியத்தைத் தவறாமல் வாசித்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருக்கிறது. இவை பாடங்கள் அல்ல, புகார் மனுக்கள். எதிர்மனுதாரர் பெயரை மட்டும் நாகரிகம் கருதி விட்டுவிடுகிறார்கள்.

ஆதாரம் அந்த வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பாடத்தை எடுத்தாலும் கற்றுக்கொண்டவர் ஒருவர், தப்புச் செய்தவர் வேறொருவர். ‘கைமாத்து வாங்கிவிட்டு ஃபோனை எடுக்காமல் இருந்தால் கொடுத்தவர் மனம் நோகும் என்று இந்த ஆண்டு தெரிந்துகொண்டேன்’ என்று எழுதியவர் யாருமில்லை. கொடுத்து ஏமாந்தவர்கள் இத்தனை பேர் பாடம் படித்திருக்கும்போது, வாங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். எங்கும் போகவில்லை, அவர்களும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள்: ‘பணத்தைப் பார்த்துப் பழகுகிறவர்கள் யார் என்பதை இந்த ஆண்டு காட்டிக்கொடுத்தது.’ ஒரே மூவாயிரம் ரூபாயிலிருந்து இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு ஞானம் கிடைத்துவிட்டது. ஸ்டேட்டஸ் போட்ட பிறகு நடப்பதையும் கவனிக்க வேண்டும். கீழே உள்ள கண் அடையாளத்தைத் தொட்டால் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் விரியும். போட்ட பத்தாவது நிமிஷத்திலிருந்து அதைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். பெரியப்பா பார்த்துவிட்டார், பழைய ஆபீஸ் நண்பர்கள் பார்த்துவிட்டார்கள், பால்காரர்கூடப் பார்த்துவிட்டார்; பார்க்க வேண்டிய மச்சினர் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. தான் கற்ற பாடத்தை மச்சினர் படித்தாரா என்று ஒருவர் ஏன் தவிக்க வேண்டும்? அதுவும் அவசரமாக, ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்த அந்த அனுபவம் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும்.

புகாரே ஆனாலும் அதில் புதிதாக ஓர் அறிவு இருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. ஆளைப் பார்த்து நம்பு என்பதற்குத் திருக்குறளில் 51ஆம் அதிகாரம் முழுசாக இருக்கிறது. பொல்லாத சிநேகத்துக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் போதாதென்று 82, 83 என்று இரண்டு ஒதுக்கியிருக்கிறார். கோபத்துக்கு 31, வெட்டிப் பேச்சுக்கு 20, பசித்த பிறகு சாப்பிடு என்பதற்கு 95. மனப்பாடப் பகுதியில் ஒப்பித்து மார்க்கும் வாங்கியாகிவிட்டது. ‘ஏட்டில் படிப்பது வேறு, பட்டால்தான் தெரியும்’ என்று இதற்குப் பதில் சொல்வார்கள். வலுவான பதில்தான். ஆனால் அதைச் சொல்கிற அதே வாய், சம்பவம் நடந்த அன்றைக்கு என்ன சொன்னது? ‘அவன் இப்படித்தான் செய்வான்னு எனக்கு அப்பவே தெரியும்’ என்றது. அப்போதே தெரியுமென்றால் இந்த ஆண்டு எதைக் கற்றோம்? இந்த ‘அப்பவே தெரியும்’ நம் வீடுகளில் மட்டும் உள்ள வியாதி அல்ல. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பீஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன்னால், அங்கே என்னென்ன நடக்கலாம் என்று சிலரைக் கணிக்கச் சொல்லி எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்றைக்கு எப்படிக் கணித்தீர்கள் என்று அவர்களையே கேட்டபோது, நடந்துவிட்ட காரியங்களைத் தாங்கள் முன்பே உறுதியாகச் சொன்னதாக நினைவுபடுத்திக்கொண்டார்கள். பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இது. நடந்ததைப் பார்த்துவிட்டு அதையே தன் தீர்க்கதரிசனமாக மாற்றிக்கொள்ளும் மூளை, டிசம்பரில் அதையே பாடமாகவும் மாற்றிக்கொள்ளும். சரக்கு ஒன்றுதான்.

எழுதி வைத்தால் மனதில் நிற்கும் என்பது அடுத்த வாதம். ஜெர்மானியரான எபிங்ஹௌஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகம் போட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் அவர் மனப்பாடம் செய்தவை அர்த்தமே இல்லாத அசைகள் ஆயிற்றே, வாழ்க்கைப் பாடங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்பது நியாயம். சில பட்டியல்களைப் படித்தபோது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றியது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் மறதி குறையும் என்பதையும் அவர்தான் காட்டினார். அதன்படி பார்த்தால், ஒரே பாடத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் விஞ்ஞான முறைப்படியே நடக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய மனிதர்களும் இப்படி எழுதியிருக்கிறார்களே என்பார்கள். எழுதினார்கள், யாரைப் பற்றி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் 1764இல், தன் 55ஆவது பிறந்த நாளன்று, இத்தனை ஆண்டுகளும் உறுதி எடுப்பதிலேயே போய்விட்டன என்று நொந்துகொண்டு, இனி ஆறு மணிக்குள் எழுவேன் என்று எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு ஈஸ்டரின்போது உறுதிமொழி எட்டு மணிக்கு இறங்கியிருந்தது. எட்டு என்பது அதிகாலை இல்லைதான், ஆனால் பகல் இரண்டு மணி வரை படுத்திருப்பதைவிட மேல் அல்லவா என்று காரணமும் எழுதியிருக்கிறார். படுக்கையை விட்டு எழவிடாமல் சொந்தக்காரர்கள் சதி செய்ததாக ஒரு வார்த்தை இல்லை. அவர் எழுதியது தனக்கு. அச்சுக்கு வந்தது அவர் இறந்த மறு ஆண்டு, 1785இல். பெஞ்சமின் ஃபிராங்ளின் இன்னும் கறாரான ஆள். சின்ன நோட்டு ஒன்றில் சிவப்பு மையால் கோடு போட்டு, கிழமைக்கு ஒன்றாக ஏழு கட்டம், குணத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று வரி. எந்தக் குணத்தில் சறுக்கினாரோ அந்தக் கட்டத்தில் அன்றைக்குக் கறுப்புப் புள்ளி. ஒரு சுற்று முடிந்ததும் புள்ளிகளைச் சுரண்டி அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதால், தந்தத் தகடுகளுக்கு மாறி, பென்சிலால் புள்ளி வைத்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். முதலில் அவர் பட்டியலில் இருந்தவை பன்னிரண்டுதான். உனக்குத் தலைக்கனம் என்று பலர் சொல்கிறார்கள் என ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. ஒருவேளை அகந்தையை முழுக்க வென்றுவிட்டாலும், வென்றேன் என்ற அகந்தை வந்துவிடும் என்று கடைசியில் அவரே சிரித்துக்கொள்கிறார்.

ஜான்சன் பிறந்த அதே 1709இல் நம் பக்கத்தில் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கோட்டைக்கு யார் வந்தார்கள், கவர்னர் காதில் யார் என்ன ஓதினார்கள் எல்லாம் அதில் உண்டு. புகாரும் தாராளமாக உண்டு, முக்கியமாகத் துய்ப்ளேயின் மனைவி மீது. ஆனால் புகாரைப் புகாராகவே எழுதினார்: தமிழ்த் தேதி, வெள்ளைக்காரத் தேதி, ஆள் பெயர், பேசிய பேச்சு. ‘உலகம் பொல்லாதது’ என்று பொதுவில் போட்டு முடித்திருந்தால் அதை இன்றைக்குச் சரித்திரக்காரர்கள் தேடிப் படிக்கமாட்டார்கள். நம்மவர்கள் துணிந்து பெயரைப் போட்டுவிட்டால் ஸ்டேட்டஸுக்கும் ஒரு சரித்திர மதிப்பு வரும். மானநஷ்ட வழக்கும் வரும் என்பதால் வற்புறுத்தவில்லை. பாடத்துக்கு ஏன் டிசம்பர் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இந்த மாநிலத்தில் 2008இல் சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைத் தைக்கு மாற்றி, 2011இல் மறுபடி சித்திரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆண்டு எங்கே முடிகிறது என்பதே இப்படி இடம் மாறும்போது, ஞானம் மட்டும் 31ஆம் தேதிக்குள் எப்படி வந்து சேருகிறதோ.

உண்மையாகவே அடிபட்டவர்களைக் கிண்டல் செய்யலாமா என்ற கேள்வி மீதி இருக்கிறது. செய்யக் கூடாது, செய்யவும் இல்லை. வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர், ஆஸ்பத்திரி பெஞ்சில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர் ஆகியோர் பத்து அம்சப் பட்டியல் போட்டு நான் பார்த்ததில்லை. ஓர் ஆண்டில் மனிதர்கள் நிஜமாகக் கற்பது நிறைய: சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னாலா, கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் அச்சடித்திருக்கும் தேதியை எங்கே பார்ப்பது, அம்மாவிடம் எதை ஃபோனில் சொல்லலாம், எதை நேரில்தான் சொல்ல வேண்டும். சூரிய அஸ்தமனத்தின் மேல் எழுத இவை லாயக்கில்லை. ஓசி டைரியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் கிறுக்கலாகக் கிடக்கும். அப்படியும் ஒரு பெரிய பாடம் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஃபிராங்ளினின் பதின்மூன்றாவது வரி வழி காட்டுகிறது: நம் பட்டியலை நாம் எழுதாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். இந்த ஆண்டு நான் கற்றிருக்க வேண்டியது என்ன என்று கணவர் மனைவியையும், மாமியார் மருமகளையும், அண்ணன் தம்பியையும் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே ஸ்டேட்டஸ் வைக்கலாம். ஜனவரி முதல் தேதி வீட்டில் யார் பொங்கிப் போடுவார்கள் என்று இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். மற்றவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.