பூல் மேசையில் துணைக்கருவிகள்: பரபக்கமும் சுபக்கமும்

பூல் ஆட்டக்காரர் போட்டிக்கு வந்து பையைத் திறக்கும் காட்சியே இத்துறை ஆராயத்தக்கது என்பதற்குச் சான்று. ஆடுவதற்கு ஒரு கியூ, முதல் அடிக்குத் தனியாகப் பிரேக் கியூ, குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்ட ஜம்ப் கியூ, கையுறை, சாக் கட்டிகள், நுனித்தோலைச் சொரசொரப்பாக்க ஓர் அரம். இத்தனையும் சில பந்துகளை ஆறு குழிக்குள் தள்ளுவதற்கு. இவற்றில் எது தகும், எது தகாது என்பதில் அறிஞர் உலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. அவ்வறிஞர்களில் பலர் முந்தைய சுற்றில் தோற்றவர்கள் என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

முதலில் பரபக்கம், அதாவது எதிர்தரப்பு வாதம். தூய்மைவாதி கூறுவது: வெல்ல வேண்டியது ஆள், கருவி அன்று, ஆகவே கைக்கு ஒரு கியூ, அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

அற்றேல், அந்தக் கியூவின் நுனிக்குத் தோல் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறைவாசம் கண்ட பிரெஞ்சுப் படைக் கேப்டன் மிங்கோ தந்த கொடை அது என்பர். அதற்குமுன் வெறும் மரம். பந்தின் நடுவை விட்டு இம்மி விலகி அடித்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். தோல் வந்த பிறகுதான் வெள்ளைப் பந்து சொன்ன பேச்சைக் கேட்டுப் பின்னோக்கி உருளக் கற்றது. சாக்கோ, ஆட்டக்காரர் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் ஹாஸ்கின்ஸும் சேர்ந்து 1897இல் காப்புரிமை பெற்ற தயாரிப்பு. பழமைதான் அளவுகோல் என்றால் பந்தும் தந்தத்தில்தான் இருந்தாக வேண்டும். தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் என்று 1860களில் அமெரிக்காவில் பரிசு அறிவித்தார்கள். அதற்கு முயன்றுதான் ஹையட் என்பவர் செல்லுலாய்டுக்கு வந்து சேர்ந்தார். தூய்மைவாதி மேலே பேசுவதானால் யானைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதனால் பெறப்படும் விதி: தன் பையில் இருந்தால் அது கருவி, எதிராளி பையில் இருந்தால் தந்திரம் என்க.

இனி சட்டம். உலக பூல் சங்கத்தின் விதிப்படி கியூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 25 அவுன்சுக்கு மிகக் கூடாது, நுனி 14 மில்லிமீட்டருக்கு மேல் அகலக் கூடாது. நீளத்துக்கு மேல்வரம்பே இல்லை. அரங்கத்துக்கு வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக ஆடுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், எடை சரியாக இருக்கும்வரை இந்த விதி வாயைத் திறக்காது.

சாதனப் பெருக்கத்துக்கு உதாரண புருஷர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட். அமெரிக்க ஓப்பன் நைன்-பால் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். கையுறை, விரல்நுனியில் நீட்டிப்புகள், கையில் எடைக்கட்டு, காதில் ஒலித்தடுப்பான் என்று சர்வாலங்கார பூஷிதராக அவர் களம் இறங்கியதுண்டு. இவை அனைத்தையும் அனுமதிக்கலாம் என்பதே இவ்வாய்வின் துணிபு. சுமப்பவர் அவர், கேலியைக் கேட்பவரும் அவரே. காதை மூடியிருப்பதால் அதுவும் பாதிதான் கேட்கும். எதிராளிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஜம்ப் கியூவின் சங்கதி வேறு. குட்டையானது, எடை குறைந்தது, நுனி கல்லைப் போல இறுகியது. அதன் பின்முனையை நன்றாக உயர்த்திச் சாய்த்து, ஈட்டி எறிபவர் பிடிப்பதுபோல் பிடித்து, வெள்ளைப் பந்தின் மேல்பாதியில் சுருக்கென்று குத்த வேண்டும். துணிக்கு அடியில் இருப்பது கற்பலகை. அது பந்தை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி எறிகிறது. இலேசான கியூ தானும் பின்வாங்கி வழிவிட, 57 மில்லிமீட்டர் உயரமுள்ள பந்தை வெள்ளைப் பந்து அலட்சியமாகத் தாண்டிப் போகிறது.

பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் வெள்ளைப் பந்தை நகம் நுழையும் இடைவெளி விட்டு மறைவில் நிறுத்திய எதிராளியின் சாதுர்யம் அந்தக் குத்தில் செல்லாக்காசாகிறது. ஒழுங்காக ஆடியதற்குத் தண்டனை! மறைவிலிருந்து தப்ப வேறு வழியே இல்லையோ எனின், உண்டு. 1995இல் ரீனோ நகரில் இதே ஸ்ட்ரிக்லண்ட் இலக்குப் பந்தை மறைத்துவைத்தபோது, எதிர்த்து ஆடிய எஃப்ரன் ரெயஸ் குறுக்கே நின்ற பந்தைத் தாண்டவில்லை. வெள்ளைப் பந்தை இரண்டு குஷன்களில் மோதவிட்டு, மேசைக்குக் குறுக்கே கோணல்மாணலாக ஓட்டி, இலக்குப் பந்தைக் குழியிலும் போட்டார். ஜம்ப் கியூ கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இப்படிக் கணக்குப் போட எவருக்குப் பொறுமை இருக்கும்? ஊட்டி கிளப்பில் விதி எழுதி மாட்டப்பட்டு வளர்ந்த ஸ்நூக்கரில் பந்தைத் தாண்டுவதே ஃபவுல். அதனால் அந்த ஆட்டம் இளைத்துப் போய்விடவில்லை.

ஜம்ப் அடிக்கவும் திறமை வேண்டுமே என்பர் மறுதரப்பினர். வேண்டும்தான். அத்திறமையை ஆடுகிற கியூவிலேயே காட்டட்டும் என்பது சுபக்கம், அதாவது நம் தரப்பு. 58 அங்குலக் கியூவை உயர்த்திச் சாய்த்துப் பிடித்து ஒருவர் பந்தைத் தாண்டவைத்தால் யாரும் முணுமுணுக்கப் போவதில்லை.

ஜம்ப் கியூவை விலக்கினால் அதைச் செய்வோர் பிழைப்புக் கெடாதோ எனின், கெடாது. 40 அங்குலம் என்பது சற்று உயரமானவர்களுக்குக் கைத்தடியாக உதவும்.