ஆடும் வளையம், அடங்கும் ஒளி

கேள்வி: ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் உறுமிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அடங்கிவிடுகிறது. அதிர்வை வைத்து ஒளியையே கட்டுப்படுத்தலாம் என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், ஆரப்பாளையம், மதுரை

பதில்: நிஜம்தான். இன்ஜின் துடிப்பு கண்ணாடியின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்தும்போதுதான் அந்தக் கடகடப்பு. ஒளியைக் கட்டுப்படுத்தும் சோதனையிலோ இன்ஜின் வேலையை ஒளியே பார்க்கிறது! எடையில்லாத ஒளிக்கும் உந்தம் உண்டு. பட்ட இடத்தைத் தள்ளும். சில பத்து மைக்ரான் அகலமே உள்ள சிலிக்கா வளையத்துக்குள் பலமான லேசர் ஒன்றையும் பலவீனமான லேசர் ஒன்றையும் செலுத்துகிறார்கள். இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் வளையத்தின் சொந்த அதிர்வுக்குச் சமமானால் வளையம் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் பலமான ஒளியில் கொஞ்சத்தைச் சிதறடிக்க, சிதறிய ஒளி வளையத்துக்குள் நுழையும் பலவீன ஒளியோடு மோதி அதை ரத்து செய்கிறது. உள்ளே போய்த் தொலையவேண்டிய ஒளி, தடையில்லாமல் வெளியே கடந்து போய்விடும். பலமான லேசரை அணைத்தால் பாதை அடைபடும். ஒளிக்கு வழிவிடுவதும் ஒளி, மறிப்பதும் ஒளி!

2010-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் கிரீஷ் அகர்வாலும் சுமெய் ஹுவாங்கும். அகர்வால், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். அதே ஆண்டு ஐரோப்பாவில் இயற்பியலாளர் கிப்பன்பெர்க்கின் குழு சோதனையிலும் காட்டிவிட்டது. 2011-ல் கால்டெக் விஞ்ஞானிகள் இதே வித்தையால் ஒளியை 50 நானோ நொடி தாமதிக்க வைத்தார்கள். அதற்குள் வெளியில் ஒளி 15 மீட்டர் ஓடியிருக்கும்! நம் கல்லூரி ஆப்டிக்ஸ் வகுப்பில் ராமனுக்கு அடுத்து அகர்வாலையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.