சிரித்த முகத்தோடு விண்ணப்பிக்கவும்

ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடப் படிப்பை முடித்துவிட்டுக் காரைக்காலில் சும்மா இருக்கும் தம்பிக்குப் புத்தி சொல்ல ஊரே வரிசையில் நிற்கிறது. ரெஸ்யூம் ஒரே பக்கம் இருக்கட்டும். ஆர்க்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் இரண்டையும் தடித்த எழுத்தில் போடு. பைத்தான் தெரியாவிட்டாலும் தெரியும் என்று போடு. லிங்க்ட்இன் படத்தில் சிரி. வேலை எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதே. அது எதிர்மறைச் சிந்தனையாம்!

விளம்பரத்தைப் பார்த்தீர்களா? புதியவர் வேண்டும், மூன்று வருட அனுபவம் அவசியம். ட்ரோன் விடத் தெரிய வேண்டும், டிஜிபிஎஸ் கருவியோடு சேற்றில் இறங்க வேண்டும், ராத்திரி கோடிங்கும் எழுத வேண்டும். சொந்த பைக் கட்டாயம். சம்பளம் 'தகுதிக்கேற்ப'. சேர்ந்த பிறகுதான் குட்டு உடையும்: எவனோ வெளிநாட்டுக்காரன் வீட்டுக் கூரையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் நாள் முழுக்க மௌஸால் சுற்றி வரைவதற்குப் பெயர் 'அனலிஸ்ட்'. அதுவும் கான்ட்ராக்ட்.

அரசு வேலைக்குப் போகலாமே என்பார்கள். தமிழ்நாட்டின் டிஎன்பிஎஸ்சி தேர்வை நம் பையனும் எழுதலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; அங்கே அவன் வெளி மாநிலத்தான். பிற்படுத்தப்பட்டவனானாலும் பட்டியல் சாதியானாலும் பொதுப்பிரிவில்தான் எண்ணுவார்கள். வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் கால் வைத்தால் நம்மூர் மது பாட்டிலுக்கு மதிப்பு கூடுகிறது, பட்டதாரிக்குக் குறைகிறது. சரி, சொந்தத் தலைநகரில் முறையிடலாம் என்றால் அது 130 கிலோமீட்டருக்கு அப்பால். நம் யூனியன் பிரதேசமே புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துண்டு. வரைபடக்காரர் பாஷையில் 'மல்டிபார்ட் பாலிகன்'. அட்டவணையில் நாலுக்கும் சேர்த்து ஒரே வரி. அந்த வரியில் நம் துண்டைத் தேடிக்கொண்டே இருக்கலாம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு தேசிய புவிசார் கொள்கையை வெளியிட்டது. 2035-க்குள் பெருநகரங்களுக்குக் கணினிக்குள் ஒரு நகல், அதாவது 'டிஜிட்டல் இரட்டை' வருமாம். இரட்டை பிறக்கட்டும், வாழ்த்துகள். ஏற்கெனவே பிறந்த ஒற்றைப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

வேலை இல்லை என்பது பச்சைப் பொய். 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்து நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போன கரை இது. காவிரியின் கடைமடை. எந்தத் தெரு எவ்வளவு தாழ்வு, எந்த வாய்க்கால் தூர்ந்தது, அரசலாற்று முகத்துவாரம் எப்படி மாறுகிறது என்று வருடாவருடம் அளந்து வரைய ஆள் வேண்டாமா? ஒரு பக்க ரெஸ்யூமா அதைத் தடுக்கிறது?

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். இந்த மாவட்டத்தில் வரைபடம் போட எத்தனை நிரந்தரப் பணியிடம், அதில் எத்தனை காலி என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னபிறகு கும்பிடு போடட்டும்.