வந்தவனுக்கு ஒண்ணும் இல்ல, போனவனுக்கு எல்லாம்

ஏலே பேராண்டி, சோழிங்கநல்லூர்ல ஐடி சப்போர்ட்டுல சேந்துட்டியாமே, உங்கம்மா சொன்னா. புதுசா வேலைக்கு வர்ற புள்ளைகளுக்கு லேப்டாப்பு, மெயில் ஐடி, விபிஎன்னு எல்லாம் எடுத்துக் குடுக்கிற உத்தியோகமாம். தாத்தன் நாலு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ.

முதல்ல, ஆள் வர்றதுக்கு முந்தி எதையும் எடுத்து வச்சிடாதே. அந்தப் புள்ள பழைய கம்பெனில 90 நாள் நோட்டீஸ் பீரியடு ஓட்டிட்டு வருது. ஆஃபர் லெட்டர்லயே தேதி அடிச்சிருக்கு. இருந்தாலும், திங்கக்கிழமை காலைல அது ரிசப்ஷன்ல வந்து உக்காந்த பிற்பாடுதான் உனக்குத் தெரியணும். "அப்படியா, இன்னிக்கா ஜாயினிங்?"னு ஒரு கேள்வி கேப்பே பாரு, அதுல இருக்குலே கெத்து! சந்தைக்கு மாடு பிடிக்கப் போறவன் முதல் நாளே கட்டுத்தறி அடிச்சு, வைக்கோலை உதறிப் போட்டுட்டுத்தான் கயித்தைத் தோள்ல போடுவான். அவன் படிக்காதவன், விடு.

பாஸ்வேர்டு குடுக்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. அந்தப் புள்ளையோட ஆபீஸ் மெயிலுக்கே அனுப்பிடு. மெயிலைத் திறக்கப் பாஸ்வேர்டு வேணும், பாஸ்வேர்டைப் பாக்க மெயிலைத் திறக்கணும். கேட்டு வந்தா, "டிக்கெட் போடுங்க"ன்னு சொல்லு. டிக்கெட் போடவும் லாகின் வேணும்கிறதை நீயாச் சொல்லாதே, அதுவே கண்டுபிடிக்கட்டும். ட்ரெயினிங்குன்னு கணக்குல எழுதிக்கலாம். மேனேஜர் அப்ரூவலுக்கு, அவரு லீவுல இருக்கிற வாரமாப் பாத்து அனுப்பு. புள்ளைக்குச் சம்பளம் முதல் நாள்ல இருந்தே ஓடும்தான். உன் பையில இருந்தா போகுது?

அப்புறம், எந்த எந்த சிஸ்டத்துக்கு அனுமதி வேணும்னு யோசிச்சு மண்டையை உடைச்சுக்காதே. "பக்கத்து சீட்டு அண்ணனுக்கு இருக்கிறதையே போட்டுரு"ம்பாரு மேனேஜர். போட்டுரு. அந்த அண்ணன் அக்கவுண்ட்ஸ்ல ஆரம்பிச்சு, ஹெச்ஆர்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு, இப்ப சேல்ஸ்ல இருக்காரு. போன இடத்து அனுமதி ஒண்ணையும் யாரும் பிடுங்கல. நேத்து வந்த புள்ளைக்குக் கம்பெனி சம்பளப் பட்டியல் பூரா தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டுமே! வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் குடுக்கணும்னு சால்ட்சர், ஷ்ரோடர்னு ரெண்டு அமெரிக்காக்காரங்க 1975லயே எழுதி வச்சாங்களாம். போன பொங்கலுக்கு நீதானே திண்ணைல உக்காந்து அளந்தே. எழுதினவங்க எழுதிட்டாங்க, அவங்களா வந்து உன் சீட்டுல உக்காரப் போறாங்க?

வேலையை விட்டுப் போறவன்கிட்ட லேப்டாப்பை எண்ணி வாங்கு, சார்ஜர் வயரைக்கூட விடாதே. லாகின் மட்டும் கிடக்கட்டும், கண்ணுக்குத் தெரியாத சாமான்தானே. அமெரிக்காவுல கொலோனியல் பைப்லைன்னு ஒரு கம்பெனி. டெக்சாஸ்ல இருந்து நியூயார்க் பக்கம் வரைக்கும் பெட்ரோல், டீசல் போற குழாய் அவங்களது, 8,800 கிலோமீட்டர் நீளம். 2021 மே மாசம் அந்தக் கம்பெனிக்குள்ள திருடன் நுழைஞ்சது எப்படித் தெரியுமா? யாரும் தொடாமக் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியா. பாஸ்வேர்டு ஒண்ணும் லேசுப்பட்டதில்லன்னு கம்பெனிப் பெரியவரு செனட்ல போயே சொன்னாரு. ஆனா, போனுக்கு நம்பர் வந்து ரெண்டாவது தடவை சரிபாக்கிற ஏற்பாடு அந்தக் கணக்குக்கு இல்ல. பயந்து போய்க் குழாயையே நிறுத்திட்டாங்க. சனம் பங்க்ல வரிசை கட்டி நின்னுச்சு. திருடனுக்கு 75 பிட்காயின், அதாவது 44 லட்சம் டாலர், எண்ணிக் குடுத்தாங்க. பெறகு அதுல பாதிக்கு மேல போலீஸ் மீட்டுக் குடுத்துச்சுங்கிறது வேற கதை.

அது கிடக்கட்டும். நீ போன வருஷம் விட்டுட்டு வந்தியே ஒரு கம்பெனி, அதோட மெயில் இன்னும் உன் போன்ல டிங்கு டிங்குன்னு அடிக்குதே. அங்க உன்னை மாதிரியே சூட்டிகையான பய ஒருத்தன் இருக்கான் போலிருக்கு. யாருலே அது, நம்மூர்க்காரனா?