வெட்டுக்கத்தியும் மறுபட்டையும்

அப்பாவின் ரப்பர் வெட்டுக்கத்தியில் கம்பெனிப் பெயர் கிடையாது. மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு கொல்லப்பட்டறையில் ஆசாரி அடித்துக் கொடுத்தது. பில்லும் இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. "வாய் மடங்கினா கொண்டு வாங்க, சரியாக்கித் தாறேன்." அவ்வளவுதான் உத்தரவாதம்.

அந்தச் சொல்லின் அருமை பால்வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். விடியுமுன் மரத்தடியில் நின்று, இடமிருந்து வலமாகச் சரியும் கோட்டில் பட்டையைச் சீவ வேண்டும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் பட்டை போகும். ஆழம் அதைவிடக் கண்டிப்பு. பால்குழாய்கள் நெருங்கியிருப்பது உள்பட்டையில். தடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளியே கத்தி நின்றாக வேண்டும். வாய் மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் இழுக்க முடியும், அழுத்தினால் தடியில் படும். காயம் ஆறும், ஆனால் முண்டும் முடிச்சுமாக ஆறும். சில ஆண்டு கழித்து, சீவிய இடத்தில் திரும்ப வளர்ந்த மறுபட்டையில் வெட்டு வரும்போது அங்கே கோடு நேராக ஓடாது.

ஒருமுறை புதுக் கத்தியே சீக்கிரம் மடங்கிவிட்டது. அப்பாவோடு நானும் போனேன். ஆசாரி கத்தியைக் கையில் வாங்குமுன்னே, "பட்டை எப்படி, கட்டியா? கிழட்டு மரமா?" என்று கேட்டார். பிறகு உலையில் சூடேற்றி, தண்ணீரில் முக்கி, தேய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் காட்டினார். இரும்பில் வைக்கோல் நிறம் ஓடிவரும்வரை பார்த்திருந்து சட்டென்று முக்கினார். காசு வாங்கவில்லை. அடுத்து அவர் அடித்த கத்திகளின் வாய் கொஞ்சம் கனமாக இருந்ததாக அப்பா சொல்வார்.

பின்னாளில் நான் வாங்கியது பிராண்டு கத்தி. கைப்பிடி அழகு, ஒரு வருட மாற்று உத்தரவாதம். மூன்றாம் மாதம் மூக்கில் விரிசல் விட்டது. வாங்கிய கடையில், "பில் இருக்கா சார்?" என்றார்கள். இருந்தது. புதுக் கத்தி வந்துசேர மூன்று வாரமானது. சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள். அதிலும் அதே இடத்தில் விரிசல் விட்டது. என் மரம் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாக் கருவிக்கும் பட்டறைதான் மேல் என்று சொல்ல முடியாது. அப்பா வாங்கிய டப்பாரியா கட்டிங் பிளேயர் இன்றும் கம்பியைச் சுத்தமாகக் கடிக்கிறது. ஸ்பேனரின் வாயளவை ஒன்றுபோல அடிக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1927-இல் கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரில் கருவிகளை விற்கத் தொடங்கியது. பிறகு பல பத்தாண்டுகள், உடைந்த கைக்கருவியைக் கடைக்குக் கொண்டுபோனால் பில் கேட்காமலே புதியது கொடுத்தார்கள். ஸ்பேனருக்கு அதுவே போதும். உடைந்தால் போவது ஸ்பேனர் மட்டும்தானே.

வெட்டுக்கத்திக்கு அது போதாது. மாற்றுக் கத்திக்குக் காத்திருந்த அந்த மூன்று வாரமும் இரவல் வாங்கிய மழுங்கல் கத்தியால் ஒன்றுவிட்டொருநாள் வெட்டினேன். ஆறு மரங்களில் தடி தெரிந்தது. இப்போது மறுபட்டைக்கு வெட்டு திரும்பியிருக்கிறது. இன்று காலையும் அந்த ஆறு மரங்களில் முண்டில் தட்டிக் கத்தி நின்றது. பால் கோட்டைவிட்டு விலகி, சிரட்டைக்கு வெளியே வழிந்தது.